மேஸ்திரி வந்த பிறகு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் சர்வர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் கேன்டீனில் பரிமாறுகிற அம்மாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துக்கொள்ளும் ஒரு நாளில்தான் விஷயம் விளங்கும். கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருளை விற்கிற கம்பெனி அது. ஒரு புரோகிராமுக்கு ஒரு மெஷின் என்று வைத்து, அத்தனையையும் பல வருடமாகக் கட்டி மேய்த்தவள் அவள். மெஷின்களுக்குப் பட்டப்பெயர்கூட உண்டு. சதா முனகிக்கொண்டே வேலையை மட்டும் விட்டுக்கொடுக்காத டோக்கன் மெஷினுக்கு ‘மாமியார்’ என்று பெயர்.

அப்படிப்பட்டவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும், அவன் மனைவிக்கு அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது சாட்சாத் அவளேதான்.

வந்தவள் சும்மா இருந்தாளா? “ஒவ்வொரு மெஷினுக்கும் எதுக்கு அண்ணி இப்படி ஓடுறீங்க? அதுவே பாத்துக்கற மாதிரி பண்ணிடலாம்” என்றாள். புரோகிராம்களைக் கண்டெய்னர் என்கிற தனித்தனிப் பெட்டிகளாகக் கட்டினாள். எந்தப் பெட்டி எந்த மெஷினில் ஓடவேண்டும், ஒன்று விழுந்தால் எங்கே எழுப்பவேண்டும் என்பதையெல்லாம் தானே முடிவு செய்கிற ஒரு மென்பொருளை அவற்றுக்கு மேலே உட்கார வைத்தாள். ஆள் வைத்து வேலை வாங்குவதால் அதற்கு அலுவலகத்தில் மேஸ்திரி என்று பெயர் விழுந்தது.

வீட்டிலும் அதே பாட்டுதான். “எங்க மருமக வந்தப்புறம் அந்தக் கம்பெனியே மாறிப்போச்சாம்” என்று அம்மா போனில் அளந்துகொண்டிருப்பாள். பெற்ற மகள் பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருப்பது கண்ணில் படாது. வைஃபை நின்றால் முன்பெல்லாம் “அக்கா!” என்று அலறுகிற தம்பி, இப்போது மாடியைப் பார்த்து மனைவியைக் கூப்பிடுகிறான். சர்வர் அக்காவுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு கௌரவமான பெயர் எதுவும் கிடையாது.

ஆனால் மேஸ்திரியும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவனுக்கு எழுதிக் கொடுக்கிற கட்டளைகளில் ஒரு வரி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் முரண்டு பிடிப்பான். மெதுவாகக் கண் விழிக்கிற புரோகிராமைச் செத்துப்போனதாக முடிவு கட்டி, தானே கொன்று, தானே எழுப்பி, மறுபடியும் கொல்வான். தம்பி மனைவிக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. “ஐயோ பாவம், உடம்பப் பாத்துக்கோம்மா” என்பாள் சர்வர் அக்கா. உள்ளுக்குள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

டோக்கன் மெஷின் மாமியாரின் வேலையையும் மேஸ்திரியிடம் ஒப்படைத்த வாரம் கூத்து உச்சத்துக்குப் போனது. ஒரே டோக்கன் எண் இரண்டு பேருக்குப் போனது. கிளினிக் வாசல்களில் காய்ச்சலோடு வந்தவர்கள் கட்டிப் புரளாத குறை. மேனேஜர் சர்வர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சாயங்காலம் மீட்டிங்ல ஒரு முடிவு எடுத்துடலாம். காரணம் தெரியலன்னா பழையபடியே போயிடுவோம். நீங்களே பொறுப்பை எடுத்துக்கங்கக்கா.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அணைக்காமல் விட்டிருந்த மாமியாரைத் தயார் செய்ய மத்தியானமே உள்ளே நுழைந்தாள். நுழைந்தவளுக்குப் பகீரென்றது. டோக்கன் புரோகிராம் நின்றால் உடனே எழுப்பிவிட, ஒரு காலத்தில் அவள் கையாலேயே எழுதி வைத்த குட்டிக் காவல்காரன் அங்கே இருந்தான். தம்பி மனைவி இங்கே புரோகிராமை நிறுத்தியதும் அவன் விசுவாசமாக எழுப்பிவிட்டிருக்கிறான். மேஸ்திரி அங்கே எண் கொடுக்க, இன்னமும் பழைய முகவரியிலேயே கேட்ட கிளினிக் கம்ப்யூட்டர்களுக்கு மாமியாரும் அதே எண்ணைக் கொடுத்திருக்கிறாள். “இந்த மெஷின்ல வேற ஏதாவது ஓடுதா அண்ணி?” என்று தம்பி மனைவி போன வாரம் கேட்டபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல் “ஒன்னும் இல்ல” என்று வெடுக்கென்று சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காலையில்தான் அம்மா ஏதோ மருமகள் புகழ் பாடியிருந்தாள்.

அதைவிடப் பெரிய இடி இன்னொன்று. காவல்காரன் இப்போது ஓடவில்லை. சற்றுமுன் யாரோ நிறுத்தியிருந்தார்கள். மாமியாருக்குள் நுழைய இரண்டே பேருக்குத்தான் அனுமதி. அப்படியென்றால் தம்பி மனைவிக்குத் தெரிந்துவிட்டது. காவல்காரனின் முதல் வரியிலேயே எழுதியவள் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

தன் குடுமி அவள் கையில் சிக்கிவிட்டது. மீட்டிங்கில் மானத்தை வாங்கப் போகிறாள், ராத்திரிக்குள் அம்மா காதுக்கும் போய்விடும். ‘நீதானே சரியா பாத்திருக்கணும்’ என்று பதிலடியை மனசுக்குள் கூர்தீட்டிக்கொண்டேதான் சர்வர் அக்கா போய் உட்கார்ந்தாள்.

“காரணம் கிடைச்சிருச்சு சார்” என்றாள் தம்பி மனைவி. “பழைய மெஷின்ல நிறுத்தினது தானா எழுந்துக்குது. நான் சரியா பாக்காம விட்டுட்டேன், என் தப்புதான். இப்ப நிறுத்தியாச்சு. இனிமே எண் ரெண்டா போகாது.”

மேனேஜர் அவளை நன்றாகத் திட்டினார். அப்புறம் மேஸ்திரியே தொடரட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

தாழ்வாரத்தில் சர்வர் அக்கா அவளை மடக்கினாள். “ஏம்மா என் பேரச் சொல்லல?”

“உங்க பேர் எதுக்கு அண்ணி? ஏதாவது ஓடுதான்னு வாயால கேட்டேன். கேட்டதோட விடாம நானே பாத்திருக்கணும்ல?” சொல்லிவிட்டு, “வாங்க, டீ குடிக்கலாம். தலை வலிக்குது” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

நன்றி சொல்லியிருக்கலாம். மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் பெயரை மட்டுமல்ல, ஜாதகத்தையே மேஜைமேல் விரித்திருப்பாள் என்பது சர்வர் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. வேலையில் முந்தினாள், வீட்டில் முந்தினாள், அதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டாயிற்று. இதிலும் முந்திவிட்டாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. டீயை வாங்கிக் குடித்தாள். முன் எப்போதையும்விட அதிகமாக வயிறு எரிந்தது.