ராகி வியாபாரி எத்திராஜ்

நகரியில் எத்திராஜைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். அதற்கு அவரேதான் காரணம். திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் அட்டெண்டர். கேட்டால் "காலேஜ்ல கீறேன்" என்பார். கேட்டவர் அவரைப் புரொபசர் என்று நினைத்துக்கொண்டால் அது கேட்டவர் பிழை, இவர் திருத்தமாட்டார்.

திருப்பதியில் லாட்ஜுகளுக்குப் பஞ்சமா? லாட்ஜுக்கு லாட்ஜ் ஓடாத பிரிட்ஜ், ஒழுகும் கீஸர், மூச்சு நின்ற ஏசி. லீவு நாளில் ஒரு மினி வண்டி பிடித்து அள்ளிக்கொண்டு வருவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டுப் பிரித்து, செம்புக் கம்பியைத் தனியாக உரித்து விற்பார். அட்டெண்டர் சம்பளத்தில் அரிசி வாங்கினார். மகள் ரக்ஷிதாவை லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தது இந்தச் செம்புதான். ஆனால் "பழைய இரும்பு" என்ற சொல் காதில் விழுந்தால் போதும், "நான் என்னா பேரீச்சம்பழக்காரனா?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

நகரி ஆந்திராவில் இருப்பதால் எங்கள் ஊர்த் தமிழில் பாதி தெலுங்கு. செம்பை நாங்கள் ராகி என்போம். தின்கிற ராகி எங்களுக்குக் கேவுரு. அதனால் எங்களுக்குள் குழப்பமே இல்லை. குழப்பம் செய்யாற்றிலிருந்து வந்தது.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் செய்யாற்றுப் பையன் சஞ்சய்க்கு ரக்ஷிதாவைக் கேட்டார்கள். போனில் நாலு தடவை பேசியதில் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. புத்தூர் தரகர் நாகேந்திரன், பையனின் அம்மா கன்னியம்மாளிடம், "பொண்ணோட நைனா காலேஜ்ல கீறாரு, கூட ராகி யாவாரம்" என்று சொல்லிவைத்தார். அந்த அம்மாள் மறுநாளே எத்திராஜுக்குப் போன் போட்டார். "இப்பதான் எல்லாரும் சுகர்காரங்களா ஆயிட்டாங்களே, ராகிக்கு நல்ல ஓட்டம் இருக்குமே அண்ணே?"

இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். மனிதர் சொன்னது: "ஆமாம்மா, நல்ல ஓட்டம்."

"நெஜத்த சொல்லிடு நைனா" என்று ரக்ஷிதா கெஞ்சினாள். "நீ சும்மா இரு. இரும்பு பொறுக்கறவன் வூட்ல எவன் பொண்ணெடுப்பான்?" என்று அவள் வாயை அடைத்தார். பெண் பார்க்க வருகிற நாளுக்கு முன்தினம், புத்தூர் மண்டியிலிருந்து பன்னிரண்டு மூட்டை கேவுரு வாடகைக்கு வந்தது. பிரிட்ஜுகளைப் பின்னால் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடி, முன்னால் மூட்டைகளை அடுக்கினோம். பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு நானும் தூக்கினேன். இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

மகனோடு வந்திருந்த கன்னியம்மாள் காபியைக் குடித்ததும் நேராகக் கொட்டகைக்கு நடந்தார். நிலத்தில் வேலை செய்த கை. மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி அள்ளி, ஊதிப் பார்த்தார். "சுத்தமான ராகி. கிலோ என்ன வெலைக்குப் போவுது அண்ணே?"

எத்திராஜ் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. "ஏழ்நூத்தி இருவது."

அது செம்பு விலை. எனக்கு இருமல் வந்தது. அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "ராகியா? அதென்ன தங்கத்துலயா வெளையுது?" என்றார். எத்திராஜ் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திருடனே இடத்தைக் காட்டுகிற மாதிரி. கன்னியம்மாள் போய்த் தார்ப்பாயை இழுத்தார். கதவில்லாத பிரிட்ஜுகள் வரிசையாக நின்றன.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பழைய சாமான் வாங்கி விக்கறது ஒரு கொறையா அண்ணே? எங்க வூட்டுக்காரு மூட்ட தூக்கித்தான் இவன ஆளாக்கினாரு. நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா சந்தோசமா பொண்ணெடுத்திருப்போம். இப்ப உங்க வாயில வர்ற எத நம்பறது?"

சஞ்சய் ரக்ஷிதாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு அம்மாவுக்குப் பின்னால் போய்க் காரில் ஏறினான். அவன் மேலும் எனக்குக் கோபம்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா?

எத்திராஜ் மூட்டை மேலேயே உட்கார்ந்து, "பாத்தியாம்மா, இரும்புன்னதும் எழுந்து போயிட்டாங்க" என்றார். இவ்வளவுக்குப் பிறகும் அப்படித்தான் சொன்னார். ரக்ஷிதாவுக்குக் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இரும்புக்கு எழுந்து போவல நைனா. நான் வேலைக்குப் போட்டுக்கினு போறேனே வெள்ள கோட்டு, அதுவே உன் ராகியில வந்ததுதான். ஒரு நாள்கூட நான் அத மறைக்கல. நீ எதுக்கு மறைச்ச?"

தமிழிலும் தெலுங்கிலும் திருப்பதி லாட்ஜ் முதலாளிகளையே மடக்கிப் பேசுகிற மனுஷன். மகள் கேட்டதும் மூட்டையை விட்டு எழுந்து, கீழே கிடந்த தார்ப்பாயை மடிக்கப் போனார்.