பாலை மரத்தைத் தறித்தது யார்

அப்பா இறந்து மூன்றாவது கிழமை, அம்மா என்னைக் கூப்பிட்டு, "கல்வெட்டை நீயே எழுது பிள்ளை" என்றார்.

எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம் இது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில், இறந்தவரின் படமும் வரலாறும் பாட்டுகளும் அச்சடித்த ஒரு சிறு புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு. பாட்டுகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவை அச்சடிக்கிறவரிடம் தயாராக இருக்கின்றன, பெயரை மட்டும் மாற்றுவார். அவரிடம் போன அத்தனை பேரும் ஒரே மாதிரிக் குணவான்கள். வரலாறுதான் நான் எழுத வேண்டியது.

அம்மாவுக்கு அதில் ஒரு வசனம் கட்டாயம் வேண்டும். "வன்னியிலை காடு வெட்டிக் கமம் செய்தவர் எண்டு எழுது. முதல் மரம் தறிச்சது அவர்தான் எண்டு வடிவா எழுது."

அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தானே நான். படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த வாலிபர்களுக்கு அரசாங்கம் வன்னியில் ஆளுக்கொரு துண்டு காடு கொடுத்த காலம் அது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து புதுப் பெண்சாதியோடும் ஒரு கோடாலியோடும் போனார். மாரிக்கு முன்னர் காட்டை வெளியாக்காவிட்டால் காணியைப் பறித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். யானை வரும், பன்றி வரும், குலைப்பன் காய்ச்சல் வரும். எல்லாவற்றையும் தாண்டி அங்கே மிளகாய் போட்டுக் கமம் செய்தார்கள். நான் அந்தக் காணியில்தான் பிறந்தேன். சின்ன வயதிலேயே சண்டை எங்களைக் கிளப்பி, கடைசியில் கனடாவில், மொன்றியலில் கொண்டுவந்து விட்டது. காணியைப் பற்றி எனக்கென்று சொந்த ஞாபகம், காய்ந்த மிளகாயின் நெடிக்குத் தும்மியது மட்டும்தான்.

அப்பா அந்த மரத்தை இங்கே எத்தனை கலியாண வீடுகளில் தறித்திருக்கிறார்! இரண்டு பியர் உள்ளே போனால் போதும், பாலை மரம் விழும். சில நாள் அது வீரை மரமாக இருக்கும். காற்சட்டையை மடித்து, கணுக்காலுக்கு மேலே உள்ள தழும்பைக் காட்டுவார். கோடாலி வழுக்கிப் பட்டதாம்.

இரண்டொரு விபரம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும் என்று மாமியிடம் போனேன். மாமி அப்பாவின் தங்கச்சி. கலியாணமாகாத குமராக இருந்தபோது அம்மாவுக்கு உதவியாக அந்தக் காட்டில் போய் நின்றவர். இப்போது மொன்றியல் நோரில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். எங்கள் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸிலிருந்து போவதென்றால் மொன்றியல் தீவின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை.

"கொப்பர் மரம் தறிச்சவரோ?" மாமிக்குச் சிரிப்பில் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது. "அண்ணை போன கையோடை காய்ச்சல்லை விழுந்து யாழ்ப்பாணம் திரும்பினவர். மாரி துவங்கினாப் பிறகுதான் வந்தவர். கோடாலி பிடிச்சது கொம்மா, உன்னைப் பெத்தவ. நான் கொப்பு இழுத்தனான். காணி போயிடும் எண்ட பயத்திலை ரெண்டு பொம்பிளையளும் விடியத் துவங்கினால் பொழுதுபடும் மட்டும் வெட்டினனாங்கள்."

"அப்ப காலிலை இருந்த தழும்பு?"

"சைக்கிளாலை விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கிறா கொம்மா. இவ்வளவு காலமும் நான் வாய் திறக்கேல்லை. கல்வெட்டிலையுமோ பொய்? எழுதிறதெண்டால் உள்ளதை எழுது. என்ரை பேரையும் போடு."

சொந்தத் தங்கச்சி செத்த அண்ணனைப் பற்றிப் பொய் சொல்வாரா? ஆனால் தன் பெயரையும் போடச் சொல்கிறாரே! பக்கத்துக் காணியில் இருந்த அப்பாவின் கூட்டாளி ரொறன்ரோவில் இருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது. காருக்குள் இருந்தபடியே அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஆர் தறிச்சதோ ஆர் கண்டது, பிள்ளை? எனக்குக் காடு எரிச்ச புகைதான் ஞாபகம். கொப்பர் நல்லாப் பாடுவார்" என்றார். போனை வைக்கப் போனவர், "கொம்மா கையிலை எந்த நேரமும் துணி சுத்தியிருந்தவ" என்றார். "ஏன்?" என்று கேட்டேன். "நான் கேக்கேல்லை. சமைக்கேக்கை சுட்டதாக்கும்."

எங்கள் தெருவுக்குப் பெயரே இங்கே முதலில் காடு வெட்டிக் கமம் செய்த ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் பெயர்தானாம். என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னது. அன்று மாமி வீட்டிலிருந்து வந்து எங்கள் தெருவுக்குள் காரைத் திருப்பும்போது அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து, அந்தக் குடும்பத்து மனிதனாவது உண்மையில் வெட்டினானா, இவனும் காய்ச்சலில் படுத்துக் கிடந்தானா என்று யோசித்தேன். எனக்கு விசர்தான் பிடிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

அம்மா குசினியில் கீரை அரிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. மரம் தறிச்சது நீங்களோ, அப்பாவோ?"

"ஆர் சொன்னது? அவளோ? அவளுக்கு எப்பவும் வாய் நீளம்."

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

"அவர்தான்."

"அந்த நேரம் அவர் யாழ்ப்பாணத்திலை காய்ச்சலோடை கிடந்தவராம்."

"காய்ச்சல் ஆருக்குத்தான் வராதது?"

இதுவும் ஒரு பதிலா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. அச்சடிக்கிறவர் வேறு வரலாற்றைக் கேட்டுக் காலையிலிருந்து போன் எடுத்துக்கொண்டே இருந்தார். "நீங்கள் கை கிழியப் பட்ட பாட்டுக்கு அவருக்குப் பேரோ? என்ரை கையாலை அப்பிடி எழுதமாட்டன்" என்று கத்தினேன்.

அம்மா கத்தியை வைத்தார்.

"அப்ப வேறை என்னத்தை எழுதப்போறாய்? படிச்ச மனிசன். இஞ்சை வந்து உடம்பு ஏலுமட்டும் ரெஸ்ரோறன்றிலை கோப்பை கழுவினவர். ஜன்னல் இல்லாத நிலவறை. ஒருநாள் ஒரு சொல்லுச் சொன்னவரோ? அந்த ஒரு மரத்தைப் பற்றிக் கதைக்கேக்கைதான் நாலு பேருக்கு முன்னாலை நிமிர்ந்து இருந்தவர். செத்தாப் பிறகு அதையும் பறிக்கப்போறியோ?"

எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, அம்மாவுக்காகவா என்று தெரியவில்லை. சவர்க்காரத்தில் ஊறி வெடித்த அப்பாவின் விரல்களை எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"அப்ப உங்கடை பாடு? அது ஒருத்தருக்கும் தெரியாமலே போறதோ?"

"எனக்கென்ன அவசரம்?" அம்மா மறுபடியும் கீரையை இழுத்து அரியத் தொடங்கினார். "நான் இன்னும் உயிரோடைதானே இருக்கிறன். பேந்து என்ரை கல்வெட்டையும் நீதானே எழுதப்போறாய். அதிலை எழுது."

அன்று பின்னேரமே, முதல் பாலை மரத்தைத் தறித்தவர் அப்பா என்று எழுதி அனுப்பிவிட்டேன். முப்பத்தோராம் நாள் அம்மா வந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தை விரித்து விரித்துக் காட்டினார். மாமி வாசித்துவிட்டு என்னை முறைத்தார், சாப்பிடாமல் போய்விட்டார். அம்மா செய்ததை எழுத வேண்டுமென்றால் அம்மா சாக வேண்டும். என்னால் அதற்குக் காத்திருக்க முடியவில்லை. அதனால் ஒருவர் பெயரும் போடாமல் இந்தக் கதையை இப்போதே எழுதிவிட்டேன். அம்மா பக்கத்து அறையில் இருக்கிறார், வாசித்துக் காட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை.