தேவகி எடுக்கச் சொன்ன பன்னிரண்டு படங்கள்

அம்மியைப் படம் பிடிக்கப் போட்டோக்காரரை வீட்டுக்கு அழைத்த பெண் பிள்ளையார்பாளையத்தில் அதுவரை யாருமில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் தேவகி அழைத்தாள்.

"கல்யாணம் எடுத்திருக்கேன், சாவு எடுத்திருக்கேன். அம்மி இதான்மா மொத தபா," என்றார் கியாசுதீன், கேமராவின் தோல் உறையைக் கழற்றிக்கொண்டே. "சிரிங்கன்னு சொல்ல வேணாம், அது ஒண்ணு நிம்மதி."

தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருஷங்களுக்கு முன் மூத்த மருமகள் அலமு தனிக்குடித்தனம் போனபோது வீட்டிலிருந்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் காணாமல் போனது. அலமுதான் எடுத்தாள் என்று மாமியார் செல்லியம்மாள் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. "சிமிழ் இருந்துது. அலமு போனா. சிமிழ் இல்ல," என்று மட்டும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது. தனிக்குடித்தனம் கிளம்பும் தனக்கும் அந்தப் பெயர் வரக்கூடாது என்று தேவகி முடிவு செய்திருந்தாள். வண்டியில் ஏறும் ஒவ்வொரு சாமானும் படத்தில் இருக்க வேண்டும். படத்தில் இல்லாத ஒரு கரண்டிகூட வண்டியில் ஏறக்கூடாது.

செவிலிமேட்டில் வீடு பார்த்தாகிவிட்டது. ஒற்றை அறைதான். அதில் தறிக்குக் குழி தோண்டி, சாணமிட்டு மெழுகிவிட்டுக்கூட வந்திருந்தாள். என்ன குழம்பு வைப்பது, எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்று அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். புருஷன் ஆதிகேசவன் ஒவ்வொரு தடவையும், "இந்தப் பாவு முடியட்டும், போயிடலாம்," என்பான். தறியில் நீளவாக்கில் ஏற்றிய அந்த இழைகள் புடவைகளாகி முடிவதற்குள் ஒரு பண்டிகை வரும், இல்லாவிட்டால் மாமியாருக்கு மூட்டுவலி வரும். இந்தத் தடவை பாவு நிஜமாகவே முடிந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம் கடைசிப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

செல்லியம்மாள் சண்டை போட்டிருந்தால் தேவலை. அவளோ, "நல்ல யோசனைமா. எல்லாத்தையும் புழக்கடைக்கு எடுத்துக்கினு போயி வெளிச்சத்துல வெச்சு எடுங்க," என்று போட்டோக்காரருக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். தேவகிக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கியாசுதீன் அண்டாவையும் தவலையையும் பின்னால் நிறுத்தி, சொம்புகளை முன்னால் உட்காரவைத்து, கல்யாண வீட்டுக் குடும்பப் படம் மாதிரி எடுத்தார். பாத்திரங்களில் வெட்டியிருந்த 'தே' என்ற எழுத்து கேமராவைப் பார்க்கிறதா என்று தேவகி குனிந்து குனிந்து பார்த்தாள். பிடி ஆடும் தோசைக் கரண்டியைக்கூட அவள் விடவில்லை. வெயில் நகர நகரச் சாமான்களையும் நகர்த்தினார்கள். பதினோரு படம் முடிந்தபோது உச்சிவேளை தாண்டிவிட்டது.

"கடைசி ஒண்ணு தறிக்கு, பாய். பிரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க," என்று சொல்லிக்கொண்டே தேவகி உள்ளே போனாள்.

தறிக்கு எதிரே பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவில் பாவு பிணைப்பவள் அவள். தறியில் தொங்கும் பழைய பாவின் மிச்ச இழைகளோடு புதுப் பாவின் இழைகளை, விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அரக்குச் சிவப்புப் பாவு. பாதி சேர்ந்துவிட்டது. பக்கத்தில் ஆதிகேசவன் இழைக்கற்றையைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

பாதி பிணைத்த பட்டுப் பாவை யாரும் அறுத்துப் போடுவதில்லை; அது நெய்து முடியும்வரை தறியைப் பிரிக்கவும் முடியாது. தறிக்காரர் வீட்டில் பிறந்த தேவகிக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் தேவையில்லை.

"இன்னா இது?" என்றாள்.

"அம்மா காலைலயே முதலாளி வூட்டுக்குப் போயி பாவு வாங்கிக்கினு வந்துட்டாங்க. நான் இன்னா பண்றது? இது முடிஞ்சதும் போயிடலாம் தேவகி." ஆதிகேசவன் தலை நிமிரவில்லை.

"நான் புழக்கடையிலதான இருந்தேன். ஒரு குரல் கூப்ட்டிருக்கலாமே நீங்க."

அவன் அடுத்த இழையை எடுத்துப் பூவம்மாளிடம் நீட்டினான்.

கியாசுதீன் வாசற்படியில் தயங்கி நின்றார். "வெளிச்சம் கம்மியா இருக்குது. யாரும் அசையக் கூடாது. எடுக்கட்டுமாம்மா, வேணாமா?"

"எடுங்க பாய்."

பூவம்மாள் கையை நிறுத்தினாள். ஆதிகேசவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அசையாமல் இருப்பதில் அவனை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது.

அண்டா, தவலை, சொம்பு எல்லாவற்றையும் தேவகி எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். அம்மியைத் தூக்கக் கியாசுதீன்தான் ஒரு கை கொடுத்தார், பாவம்.

படங்கள் வந்ததும் செல்லியம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்து, ரொம்ப நேர்த்தி என்று பாராட்டி, தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். சிவப்புப் பாவு முடிவதற்குள் பச்சைப் பாவு வந்தது. செவிலிமேட்டு அறைக்கு வேறு யாரோ குடிவந்தார்கள், குழியை மண் போட்டு மூடினார்கள் என்று கேள்வி.

ஆடி மாதம் ஒரு நாள், ஆடிக்கொண்டிருந்த பிடியைச் சரிசெய்ய தேவகி தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு கருமான் பட்டறைக்குக் கிளம்பினாள். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கரண்டி படத்துல இருக்கிறதாச்சேமா. எங்க எடுத்துக்கினு போற?"

திரும்பிப் பார்த்தாள். செல்லியம்மாள் பெட்டியைத் திறந்து படங்களை மடியில் பரப்பிவைத்திருந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"படத்துல இருக்கிறது வூட்ல இருக்கணும்மா. நீதான எடுக்கச் சொன்ன."

"பிடி போடத்தான் அத்தே," என்றாள் தேவகி. பிறகு உள்ளே வந்து, கரண்டியை அதன் ஆணியில் மாட்டினாள்.