கறுப்புக் கல்லுக்குப் பதில் களிமண்

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ராக்கெட் உண்டு. ரயில்வே ஜங்ஷனில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவார். முழங்கை நீளத்தில் எஞ்சின் செய்து, கம்மாபுரம் பக்கம் என் அண்ணனுடைய தரிசு நிலத்தில் ஒரு தராசோடு சேர்த்துக் கட்டி எரிப்பார். எவ்வளவு உந்துகிறது என்று முள்ளைப் பார்ப்பார். பறக்க விடுவதெல்லாம் அப்புறமாம். எப்போது என்று கேட்டால் சிரிப்பார்.

குழாய் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். மற்றதெல்லாம் தீபாவளிப் பட்டாசுச் செலவுக்குள் அடங்கிவிடும். எங்களைத் தின்றது நாசில்தான். நெருப்பு பீறிட்டு வெளியே வருகிற வாய் அது. அதைக் கிராஃபைட்டில் கடையச் சொல்லிச் சென்னையிலிருந்து வரவழைப்பார். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கறுப்புக் கல் ஒரு மாதப் பால் காசை விழுங்கும். இரண்டு தடவை எரித்தால் விரிசல் விட்டுவிடும்.

"கரியப் போயி இம்மாங் காசு குடுத்து வாங்கறீங்களே, ஊரே சிரிக்கும்" என்று நான் பேசாத பேச்சில்லை.

போன கோடையில் விலை இன்னும் ஏறியது. அவர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, "போதும்மா, நமக்குக் கட்டுப்படியாவாது" என்றார். நியாயமாக நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். ஆனால் மனுஷன் சாயங்காலமானால் டி.வி. முன்னால் உட்கார்ந்தார், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியவில்லை. அந்தச் சாக்கு பரணிலேயே கிடந்துவிடக் கூடாது என்று தோன்றிவிட்டது.

நான் பீங்கான் பொம்மை யூனிட்டில் அச்சு செய்கிறவள். நாள் முழுக்கச் சூளைச் சூட்டைத் தாங்கும் மண்ணோடு கிடந்தும் இது இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அளவு போட்டுக் குடுங்க. மண்ணுல செஞ்சு தரேன்."

"வெடிச்சிடும்மா."

"சூளைக்குள்ள நிக்கிறது உங்க ராக்கெட்டுல நிக்காதா? குடுங்கன்னா குடுங்க."

கொடுத்தார். முதலாளியிடம் கேட்டு, பொம்மைகளுக்கு நடுவே வைத்துச் சுட்டெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாக்கிலிருந்து ஒரு எஞ்சினையும் தராசையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சாக்கை மறுபடி கட்டிப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினார். நம்பிக்கை அவ்வளவுதான்.

மணல் மூட்டைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். நாசில் வெடிக்கவில்லை. ஆனால் புகைதான் வந்தது. வழக்கமாக ஏறுகிற அளவில் பாதிகூட முள் ஏறவில்லை. "வுடும்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆறியதும் நாசிலைக் கழற்றி அளந்தேன். துளை கிராஃபைட் நாசிலில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது, அதனால்தான் நெருப்பு பீறிடவில்லை.

"என்னாங்க அளவு குடுத்தீங்க?"

"மண்ணு சூளையில சுருங்குமேன்னு கூட்டித்தான் குடுத்தேன்."

அடப்பாவி மனுஷா! யார் எந்த அளவைக் கொடுத்தாலும் சுருக்கத்துக்குக் கூட்டித்தான் நாங்கள் அச்சு செய்வோம். கை தானாகச் செய்யும். நானும் கூட்டியிருந்தேன். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு சூளை, மண் சுருங்கும் என்று எல்லோருக்கும் தெரியும்; வேறு ஊர்க்காரராக இருந்தால் சரியான அளவைக் கொடுத்திருப்பார். தரிசிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

கூட்டாத அளவை வாங்கி அடுத்த சூளையில் மறுபடி செய்தேன். இந்த முறை போட்ட சத்தத்தில் அண்ணன் வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. முள் கிராஃபைட்டில் ஏறிய இடத்துக்கே ஏறி நின்றது. நாசிலில் ஒரு கீறல் இல்லை. அவர் அதைத் துணியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு என்னா செலவாச்சு?"

"மொதலாளிக்கு ஒரு டீ."

வண்டியில் திரும்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வூட்டுக்குப் போனதும் அந்தச் சாக்க எறக்கட்டுமா?"

"வண்டியப் பாத்து ஓட்டுங்க" என்றேன். அன்று காலையில் அவர் குளிக்கப் போனபோதே அதை இறக்கிக் கொட்டகையில் வைத்திருந்தேன்.