மூன்று கரண்டி

பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. அது சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் 'நாக்கு'தான். "நாக்கு வந்தாச்சா?", "நாக்கு ஒத்துக்கிச்சா?" என்றுதான் பேச்சு. நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே சின்னதாக ஒரு மசாலாப் பை இருக்குமே, அதைக் கரைத்துச் சுவை பார்த்து, போகலாம் அல்லது போகக் கூடாது என்று சொல்வது அவர் வேலை. சாப்பிடுவதற்குச் சம்பளமா என்று பொறாமைப்பட்டவர்கள் உண்டு. சாப்பிடுகிறவன் அந்த வேலைக்கு ஆகமாட்டான் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

சுவைக்கும் அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். சாற்றின் நிறம் தெரிந்தால் கண் போய் நாக்கிடம் சிபாரிசு செய்யும். அதைத் தடுக்க அந்த ஏற்பாடு. ஒவ்வொரு கிண்ணத்திலும் மூன்று கரண்டி. முதல் கரண்டி வாயைப் பழக்க, இரண்டாவது உப்புக்கு, மூன்றாவது தீர்ப்புக்கு. மூன்றையும் தொட்டியில் துப்பிவிட்டு வெந்நீரில் கொப்பளிக்க வேண்டும். விழுங்கினால் வயிறு குறுக்கே பேசும் என்பார். வேண்டாம் என்று ஒதுக்கிய சாற்றை உடனே கொட்டவும் கூடாது. ஒரு டப்பாவில் ஊற்றி இரவெல்லாம் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் கொட்டலாம். அவசரத்தில் ஒதுக்கியிருந்தால் திருத்திக்கொள்ள அது ஒரு வாய்தா. ஓய்வு பெறும்வரை அவர் எந்தத் தீர்ப்பையும் திருத்த நேர்ந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

அவர் பேர் சொல்லும் சரக்கு ஒன்று உண்டு. கருப்பு மூடி போட்ட பெரிய டின்னில் வரும் விழுது. உணவகங்கள் வாங்கிப்போய் வெந்நீரில் கரைத்து, நூடுல்ஸ் போட்டு, பாதி முட்டையும் இரண்டு துண்டு இறைச்சியும் மிதக்கவிட்டு ராமென் என்று பரிமாறும். எலும்பையே கண்ணால் பார்க்காத எலும்புச் சாறு அது. குடித்து முடிக்கும்போது தொண்டைக்குப் பக்கத்தில் கருகின பூண்டின் கசப்பு மெல்ல எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். மேலாளர் அதை எடுக்கச் சொன்னார். இவர் ஒற்றைக்காலில் நின்று மறுத்தார். விற்பனை ஏறியதும் அது தன் யோசனை என்று மேலாளர் சொல்லிக்கொண்டார். அந்தக் கசப்பை எங்கிருந்து பிடித்தாய் என்று யாராவது கேட்டால், "நாக்குல வந்துச்சு" என்பார் இவர். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே நினைவில்லை.

மனைவி, மகளுக்கு விவரம் தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையை வளர்த்தது இவர் பாதி, பாக்கெட் பாதி. சாயங்காலம் வரும்போது சட்டைப்பையில் புதுக் கலவை ஒன்று இருக்கும். நூடுல்ஸ் வேகவைத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பார். நாக்கு கெட்டுவிடுமென்று தனக்கு உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கு.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

"நல்லாருக்குன்னா? உப்பு முன்னாடி வருதா, பின்னாடி வருதா?"

பாவம், அந்த வயதுக் குழந்தை உப்பு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யோசிக்கப் பழகிக்கொண்டது. ஆனால் ஒரே கிண்ணத்தை இரண்டு பேரும் சேர்ந்து காலி செய்த நாள் அந்த வீட்டில் இல்லை.

வளர்ந்த பிறகு அவள் சமையல் வேலைக்குப் போகிறேன் என்றாள். ஜப்பான்காரர் ஒருவரின் ராமென் கடையில் பாத்திரம் கழுவ ஆரம்பித்து, எலும்பு உடைத்து, கடைசியில் அடுப்பே அவள் பொறுப்புக்கு வந்தது. அதைத் தொலைபேசியில் சந்தோஷமாகச் சொன்ன அன்று, "பாக்கெட்ல வராததா அதுல வந்துடப் போவுது?" என்று கேட்டார் தகப்பன். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். அதற்குப் பிறகு அவள் அழைப்பது குறைந்துபோனது.

சில வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்தவள், தையல் கடைக்கும் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் ஓர் இடம் பிடித்துச் சின்னதாக ராமென் கடை திறந்தாள். சேர்த்து வைத்ததெல்லாம் அதற்குள் போயிற்று. ருசியில் குறை சொன்னவர்கள் இல்லை. விலைதான் எல்லோருக்கும் உறுத்தியது. இது அசல்தானா, இவ்வளவு கொடுக்கத் தகுமா என்று வருகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். வராதவர்கள் சாப்பிடாமலே கேட்டார்கள். மாதக் கடைசியில் நாற்காலிகள் சும்மா கிடந்தன.

ஒருநாள் அவளே அப்பாவை அழைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்கப்பா. அசலா, அசலான்னு கேட்டு எல்லாரும் உயிரை எடுக்கறாங்க. நாக்கு சொல்லிட்டா அப்புறம் யாரும் பேச மாட்டாங்க."

"நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்."

"அதுக்குத்தானே கூப்பிடறேன்."

துணைக்குப் பாய்லரையும் அழைத்துப் போனார். தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்த பழைய சிநேகிதர். கொதிகலன் சத்தத்தோடு போட்டி போட்டே பேசிப் பழகியதால் ரகசியத்தைக்கூட அவரால் உரக்கத்தான் சொல்ல முடியும்.

"என்னய்யா இது, ஒரு கிண்ணத்து விலைக்கு ஒரு பெட்டி பாக்கெட் வாங்கலாம் போலிருக்கே!" என்றார் விலைப்பலகையைப் பார்த்து. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். வந்திருப்பது யார் என்று மகள் முன்பே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள் போல. கடையே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தது.

அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை; எதிரில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

முதல் கரண்டி. உதடு லேசாக ஒட்டியது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். இரண்டாவது கரண்டி. உப்பு சரியாக இருந்தது. மூன்றாவது கரண்டி தொண்டைக்குப் பக்கத்தில் போனபோது அந்தக் கசப்பு எட்டிப்பார்த்தது.

தான் பெற்ற பிள்ளை தெரிவதற்கு முன்னால் தான் பெற்ற கசப்பு தெரிந்துவிட்டது அந்த மனிதருக்கு. கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லுய்யா, அசல்தானா? காசுக்குத் தகுமா?" என்றார் பாய்லர்.

"அசலாவது! இது நம்ம கருப்பு மூடி."

"அப்படியாப்பா?" என்றாள் மகள்.

"நான் போட்ட கலவை எனக்குத் தெரியாதா? பாக்கெட்டைப் பாக்கெட்டுன்னு சொல்லி விக்கிறவன்கூட யோக்கியன். நீ எலும்புன்னு சொல்லி, இந்த விலையும் வாங்கறியேம்மா."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுக்க ஏமாந்துவிட்ட முகத்தோடு ஒரு தம்பதி பாதிக் கிண்ணத்தில் எழுந்தார்கள். எழும்போதே அந்த ஆள் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இப்போது ஊருக்கு வாய்கூட வேண்டியதில்லை, கட்டைவிரல் போதும்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தொழில் புத்தி போகுமா? "மிச்சத்தை ஒரு டப்பால ஊத்திக் குடு" என்றார். ஒதுக்கிய சரக்கு; ஒரு இரவு குளிரில் இருக்க வேண்டும். அவள் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, கையில் கொடுத்தாள்.

"பெத்த பொண்ணுன்னும் பாக்காம சொன்னியே, நீதான்யா மனுஷன்!" என்று வழியெல்லாம் பாய்லர் மெச்சிக்கொண்டு வந்தார். அவருக்கு அது கசந்தது என்று சொன்னால் பொய். ஆனால் மகளுடைய முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் நெஞ்சு கனத்தது. நியாயத்தைச் சொன்னால் கனக்கத்தான் செய்யும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் குளிர்பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தார். கரண்டியை விட்டார். கரண்டி இறங்கவில்லை.

டப்பாவைச் சாய்த்தார். சாறு சாயவில்லை. இன்னும் சாய்த்தார். கட்டியாக, பளபளவென்று, தொட்டால் நடுங்கும்படி உறைந்திருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கருப்பு மூடியை அவர் எத்தனையோ இரவு குளிரில் வைத்திருக்கிறார். ஒரு நாளும் உறைந்ததில்லை, உறையவும் வழியில்லை. உறைய எலும்பு வேண்டும். எலும்பும் மூட்டும் கரைந்து, அதிலிருக்கும் பசையெல்லாம் இறங்குகிற மட்டும் அடுப்பருகில் ஒருத்தி நிற்க வேண்டும். நேற்று உதடு ஒட்டியதே! கைக்குட்டையால் துடைத்துப் போட்டாரே! அந்தக் கசப்பு வந்ததும் மற்றதெல்லாம் செத்துப்போய்விட்டது அவருக்கு. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? டப்பாவை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. பின்கட்டில் அவள் எலும்பு உடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பானை மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கண் வீங்கியிருந்தது, கை மட்டும் நிற்கவில்லை.

அவர் டப்பாவைத் திறந்து தட்டில் கவிழ்த்தார். கட்டி நடுங்கிக்கொண்டு நின்றது.

"உறைஞ்சிருக்கும்மா."

"எலும்பு உறையாம என்னப்பா செய்யும்?"

"அப்போ அந்தக் கசப்பு? அது என்னோடதாச்சே. உனக்கு எப்படி வந்துச்சு?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் காய்ச்சல் வந்து எதுவுமே எறங்காமக் கெடந்தேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்குப் பாக்கெட் இல்லாம நீங்களே சமைச்சீங்க. பூண்டைக் கருக விட்டுட்டீங்க. அதையும் சாறுல போட்டு ஊட்டினீங்க. அது ஒண்ணுதான் எறங்குச்சு. மறுநாள் அதையே போய்க் கம்பெனியில செஞ்சிருக்கீங்க. கருப்பு மூடி அப்புறம் வந்ததுப்பா. மொதல்ல நம்ம வீட்டு வாணலியிலதான் வந்துச்சு."

அவருக்கு நினைவு வந்தது. கரி பிடித்த வாணலி, சுருண்டு படுத்திருந்த குழந்தை, அது வாயைத் திறந்தபோது தனக்கு வந்த நிம்மதி எல்லாம் வந்தது. தீர்ப்புகளையெல்லாம் மறக்காத மனிதர் இதை எப்படி மறந்தார்?

"அந்தக் கசப்பை எலும்புச் சாறுல கொண்டுவர எவ்வளவு நாளாச்சு தெரியுமா? என் முதலாளி அதைக் கெட்டுப்போச்சுன்னு கொட்டச் சொன்னார். உங்க நாக்குக்குத்தான் வச்சிருந்தேன். நீங்க கண்டுபிடிக்கணும்னு இருந்தேன். கண்டுபிடிச்சீங்க. கண்டுபிடிச்சதும் திருடின்னுட்டீங்க."

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நாக்கு சொன்னதுக்கு மேல யார் பேச்சு எடுபடும்?"

அவர் போய் நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் கடை காற்றாடியது. இரண்டு பெண்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப்பார்த்தார்கள். "இது பாக்கெட் சூப்புன்னு போட்டிருக்காங்களே, நெஜமா?" என்றாள் ஒருத்தி.

மகள் பேசுவதற்கு முன்னால் அவர் எழுந்தார்.

"அப்படிச் சொன்ன ஆள் நான்தாம்மா. நான் இவ அப்பா. நான் சொன்னது தப்பு. இது எலும்புச் சாறு. சந்தேகம் இருந்தா வந்து குளிர்பெட்டில இருக்கற தட்டைப் பாருங்க, எலும்புதான் இப்படி உறையும்."

ஒருத்தி எதற்கு வம்பென்று நகர்ந்துவிட்டாள். மற்றவள் வந்து தட்டைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். பானை நிறையச் சாறு இருக்க, ஒரு கிண்ணம் எந்த மூலைக்கு? இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

"எனக்கும் ஒண்ணு குடு" என்று பணத்தை எடுத்து வைத்தார். உங்களிடம் வாங்குவேனா அப்பா என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தார். அவள் எடுத்துப் பெட்டியில் போட்டு, மிச்சத்தை எண்ணி அவர் பக்கம் நகர்த்தினாள். அது வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டார்.

கிண்ணம் வந்தது. முதல் கரண்டி, இரண்டாவது கரண்டி, மூன்றாவது கரண்டி. கை பழக்கத்தில் நின்றது. அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவர் அவளைப் பார்த்த அதே பார்வை.

அவர் நான்காவது கரண்டியை எடுத்தார். விழுங்கினார். ஐந்தாவதை எடுத்தார். பிறகு கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி, மூக்கில் நீர் வழிய வழியக் குடித்தார். அடியில் கிடந்த கருகின பூண்டுத் துணுக்கையும் விடவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

உப்பு எந்தப் பக்கம் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."