நடந்தால் கால் வலிக்கிறதா

என்ன வேலை என்று யாராவது கேட்டால், ரத்தம் பார்க்கிற வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் கேட்டவர் முகம் வாடிவிடும். அப்பா மட்டும் விடமாட்டார். மலாக்காவுக்கு வெளியே லூபோக் சீனாவில் நாங்கள் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு, "ரத்தத்துல அப்படி என்னாதாம்மா பாக்கற?" என்று ஒருநாள் கேட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் உழைத்த மனிதருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே. "தோட்டத்துல மேனேஜர் வேலைக்கு உத்தரவு எழுதி அனுப்புவாருல்ல, அதுமாதிரி ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும் இன்னது செய்யின்னு உத்தரவு போகும். நடுவுல ஆபீஸ்ல எழுத்து வேல பாக்கற ஒரு கிராணி, இது இன்னிக்கு வேணாம்னு அந்தத் தாளப் புடிச்சு வெச்சிக்குவாரு. அந்தக் கிராணியத்தான் நான் பாக்கறேன். மைக்ரோ ஆர்என்ஏன்னு பேரு."

அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "நல்ல கிராணியா, கெட்ட கிராணியா?"

"ரெண்டும் உண்டுப்பா."

"நம்ம தோட்டத்துல ஒரு வகதான் இருந்துச்சி," என்றார்.

மலாக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நாங்கள் பார்க்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அதில் நூற்று இருபத்தாறு என்று ஒன்று. ரத்தக் குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்களில் அது நிறைய இருக்கும். குழாய் கெட ஆரம்பித்தவர்களின் ரத்தத்தில் அது குறைந்து காணப்படலாம். குழாய் அடைத்துக் கால் கறுத்துப்போவதற்கு முன்பே ஒரு கரண்டி ரத்தத்தை வைத்து எச்சரிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆசை. இப்போதைக்கு அது ஆசை மட்டும்தான்.

வேலை முடிந்தால் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் என் வாடகை வீடு. இரண்டு பக்கமும் தொழிற்சாலைப் பெண்கள் ஆறு பேர், எட்டு பேராகத் தங்கியிருக்கிறார்கள். எந்நேரமும் சிரிப்புச் சத்தம். நான் கதவைத் திறந்தால் காலையில் வைத்த காப்பிக் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். முப்பத்தாறு வயதில் இதைச் சுதந்திரம் என்று தோழிகளிடம் சொல்லிக்கொள்வேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மா போன பிறகு அப்பாவும் தனிதான். தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குக் கிடைத்த சின்ன வீட்டில், லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். தனிக்கட்டைகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அவர் என் வீட்டுக்கு வரமாட்டார், என்னால் அங்கிருந்து தினமும் வேலைக்கு வர முடியாது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். அவர் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு நடந்துபோய்ப் பசியாறிவிட்டு நடந்தே திரும்புவோம். எங்கள் உறவு என்று சொன்னால் பெரும்பாலும் அந்த நடைதான்.

பதினைந்து நிமிஷ நடை. அப்பாவோடு போனால் முக்கால் மணி நேரம். வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுவார். சீனர் மளிகைக்கடை வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசுவார். பஸ் நிற்கும் இடத்தில் தெரியாத மலாய்க்காரப் பெரியவரிடம் பேரப்பிள்ளைகளை விசாரிப்பார். ஒருநாள் பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே ஆளே இல்லை.

"யாருகிட்டப்பா பேசப் போறீங்க?"

"இல்லம்மா, இந்த மாமரம் இந்த வருஷம் பூக்கலபோல. அதான் பாக்கறேன்."

பேச ஆளில்லாமல் மனிதர் மரத்திடம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நின்றேன்.

போன வருஷம் ஆய்வுக்கு ஆரோக்கியமான வயதானவர்கள் போதவில்லை. நோயாளிகளின் ரத்தத்தை எதோடாவது ஒப்பிட வேண்டுமே. அப்பாவிடம் கேட்டேன். "எடுத்துக்கோ, எனக்கென்ன, நான் நல்லாத்தான இருக்கேன்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். அவர் வீட்டுக்கு என்னோடு வந்த மிஸ்ஸி, எங்கள் நர்ஸ், அவருடைய ரத்தத்தை எடுத்தார். சர்க்கரையும் கொழுப்பும் சோதித்ததில் குறை ஒன்றும் இல்லை. பாக்கியெல்லாம் படிவத்தில் உள்ள கேள்விகள்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குப் படிவம் நிரப்புவது பிறவிக் கடமை. நாலாம் வகுப்பிலிருந்தே அப்பாவுடைய படிவங்களை நான்தான் எழுதினேன். அடையாளக் கார்டு, சேமநிதி, மருத்துவமனை, தண்ணீர், கரண்டு எல்லாம். பிறகு பக்கத்து வீட்டு மாமா, அத்தைகளுக்கும். யாரும் கேள்வியை வாசித்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள். "ஒனக்குத் தெரியாததா, நீயே எழுதிரும்மா," என்பார்கள். கடைசியில் நான் விரலால் காட்டும் இடத்தில் கையெழுத்து. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு லயத்து வரிசைவீட்டு ஜனங்களின் பிறந்த தேதியெல்லாம் தெரிந்த பத்து வயதுப் பெண் வேறு எப்படி இருப்பாள்?

அன்றைக்கும் அப்படியே எழுதினேன். புகை பிடிக்கும் பழக்கம்: இல்லை. அம்மாவின் கருமாதியன்று விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருந்தார். நடந்தால் கால் வலிக்கிறதா: இல்லை. பேனா நிற்கவே இல்லை. அப்பா அப்போது எனக்கும் மிஸ்ஸிக்கும் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். வந்து கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்கள் கழித்து முடிவுகள் வந்தன. வரைபடத்தில் ஆரோக்கியமானவர்கள் வரிசையில், நூற்று இருபத்தாறு குறைந்த ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாகக் கீழே கிடந்தது. பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனாலும் அப்பாவின் ரத்தக் குப்பியில் அந்த எண்ணை ஒட்டியவள் நான். எங்கள் தலைமை ஆய்வாளர் சீனப் பெண்மணி, எதையும் இரண்டு தடவை கேட்பவர். அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டி, "இவருடைய படிவம் சரியா?" என்று கேட்டார்.

"சரிதான் டாக்டர். நானே நிரப்பினேன்."

"நிச்சயமாக?"

"நிச்சயம். லூபோக் சீனாவிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் உருகியிருக்கும். மாதிரி கெட்டிருக்கலாம்."

அவர் தலையசைத்தார். காரணத்தை எழுதிவைத்துவிட்டு அந்தப் புள்ளியை நான்தான் நீக்கினேன். வரைபடம் அழகாகிவிட்டது. உண்மையில் அன்று ஐஸ் உருகவே இல்லை. உருகியிருக்கும் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம், கால் குழாய் அடைத்த நோயாளிகளைச் சந்திக்க மருத்துவமனைக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிடுவோம், எழுபது வயதிருக்கும். அதே படிவம், அதே கேள்வி. அந்நியர் என்பதால் ஒழுங்காக வாசித்துக் கேட்டேன். நடந்தால் கால் வலிக்கிறதா?

அவர் சிரித்தார். மீன் மார்க்கெட்டுக்குள் நடக்கும்போதே நாலு தரம் நிற்பேன் என்றார். வலி என்று தெரிந்தால் பிள்ளைகள் வெளியே விடமாட்டார்கள். அதனால் நிற்கும் இடத்திலெல்லாம் மீன் விலை கேட்பேன், வாங்க மாட்டேன், கெண்டைக்காலில் வலி குறையும்வரை விலை கேட்பேன், பிறகு நடப்பேன் என்றார்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் அந்த மாமரம் நினைவுக்கு வந்தது.

சீனர் கடை, பஸ் நிற்கும் இடம், பூட்டிய வீடு. எல்லாம் ஒரே இடைவெளி. எத்தனையோ பேருக்கு இதை நான் விளக்கியிருக்கிறேன். நடக்கும்போது தசைக்கு ரத்தம் போதாது, வலிக்கும். நின்றால் தணியும். திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்ப வலிக்கும். இரண்டு வருஷமாக என் பக்கத்திலேயே ஒருவர் அதை நடந்து காட்டியிருக்கிறார். நான் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாக்சிக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். வேலை நாளில் என்னைக் கண்டதும் அப்பா பயந்துபோனார். "என்னம்மா, யாருக்கு என்னா?" வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டிருந்தார். கழற்றச் சொன்னேன்.

"குளிருதும்மா, அதான் ஸ்டோக்கின் போட்டேன்."

"கழட்டுங்கப்பா."

இடது காலின் கடைசி இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. செருப்பு வார் அறுத்த புண் என்றார். மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தார். பாதத்தைத் தொட்டேன். அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது. நாடி தேடினேன், என் விரலுக்குக் கிடைக்கவில்லை. அன்றே மருத்துவமனையில் சேர்த்தேன். காலே போகலாம் என்று மருத்துவர் சொன்னார். தொடையில் அடைத்திருந்த குழாயைப் பலூன் விட்டுத் திறந்தார்கள். அந்த ஒரு வாரம் வார்டு நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய பாதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரல்கள் போயின, பாதம் தப்பியது.

தலைமை ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தை, ஐஸ் பெட்டியை, அது யாருடைய ரத்தம் என்பதை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பழைய வரைபடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளி பொய் சொல்லவில்லை," என்றார். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னார். அப்பாவுக்குச் சம்மதமானால் படிவத்தை மறுபடி நிரப்பவும் சொன்னார். இந்தத் தடவை கேட்டு நிரப்பு என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவின் கட்டிலுக்கு எதிரே படிவத்தோடு உட்கார்ந்தேன். "நீயே எழுதிரும்மா," என்றார். மாட்டேன் என்றேன். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் வாசித்தேன். அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது, எனக்கும்தான். இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி அவரிடமே நான் கேட்டதே இல்லை.

"சிகரெட் பிடிக்கிறீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு. நீ வர்ற அன்னிக்கு இல்ல."

"நடந்தா கால் வலிக்குதா?"

"வலிக்கும்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்லா."

படிவத்தில் அடுத்த கேள்வி வேறு. ஆனால் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அப்பா? நான் செய்யிற வேலையே அதானே?"

அப்பா கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொன்னா நீ காருல ஏத்திக்கிட்டுப் போயிருப்ப. அர மணி நேரத்துல பசியாறிட்டு நீ கெளம்பிருவ. நடந்தா போக வர ஒண்ணர மணி நேரம் ஆவும்ல."

படிவத்தில் 'இரண்டு ஆண்டுகளாக' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்வியை வாசித்தேன்.