முன்தடியில் ஓர் இடம்

கனடாவிலிருந்து என் மாமாவின் மகன் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் யாழ்ப்பாணம் முழுக்க அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. இங்கேயே பிறந்து, கம்பஸ் வரைக்கும் இங்கேயே படித்த எனக்கு என்ன கிடைத்தது? அவனை மோட்டார்சைக்கிளில் ஏற்றி இறக்கும் வேலை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு சோனகதெருவுக்குப் போனோம். ரியூசன் காலம் முழுக்க நான் சைக்கிள் ஓடிய தெரு அது. ஒரு வீட்டுப் படியும் மிதித்ததில்லை. இவன் பள்ளிவாசலடியில் நின்ற ஒருவரிடம், "அங்கிள், உள்ளுக்குப் பாக்கலாமோ?" என்று கேட்டான். அவர் சுற்றிக் காட்டி, வீட்டுக்கும் கூட்டிப் போனார். தொண்ணூறில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்த கதையைச் சொன்னார். பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தில் பெரிய துண்டு அவனுக்கு. அடுத்தது கடற்கரைப் பக்கம் ஒரு தேவாலயத் திருநாள். புனிதரின் சுருவம் வீதி சுற்றியபோது அவன் கையில் மெழுகுதிரி, என் கையில் அவனுடைய செருப்பு.

இதெல்லாம் போகட்டும். கடைசியாக எங்கள் இணுவில் கோயில் திருவிழா. வாகனத்தில் சாமி வெளிவீதி வரும். கீழே நீளத் தடிகள், அவற்றைத் தோளில் வைத்துக் காவுவோம். முன்னால் நிற்பவனைத்தான் ஊரே பார்க்கும். ஆனால் முன்தடி வேண்டும் என்று எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பின்னால் நின்று காவ வேண்டும். ஆட்களை நிறுத்தும் அண்ணை ஒருநாள் முன்னுக்கு வா என்று கண்ணைக் காட்டுவார். ஏ.எல். சோதனை எடுத்த ஆண்டிலிருந்து அந்தக் கண்ணுக்காகத்தான் நிற்கிறேன். இந்த முறை எனக்குத்தான் என்று வேட்டியை இழுத்துக் கட்டினேன்.

"அண்ணை, நான் முன்னுக்கு நிண்டு காவலாமோ?" என்று கேட்டான் மாமாவின் மகன்.

"அதுக்கென்ன, வா தம்பி. தூர இருந்து வந்தனியெல்லே."

எனக்குப் பற்றி எரிந்தது. "அப்ப நான், அண்ணை?"

"உனக்குப் பின்னுக்குத்தான் விருப்பம் எண்டெல்லோ நினைச்சன். ஒருநாளும் கேக்கேல்லையே."

"வாய்க்குள்ளை கொழுக்கட்டை வைச்சிருந்தவன் போலை," என்றான் பக்கத்தில் நின்ற ஒருத்தன். பொடியள் சிரித்தார்கள்.

"சரி சரி, அவனுக்குப் பின்னாலை போய் நில்," என்றார் அண்ணை.

வழமையாக உயரம் பார்த்துத்தான் ஆள் நிறுத்துவார். அன்று அவசரத்தில் பார்க்கவில்லை. அவன் என்னைவிட அரைத் தலை உயரம்.

அரோகரா என்று தூக்கினார்கள். தடி அவன் தோளில் இருந்தது. என் தோளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சால்வையை மடித்து வைத்தேன். இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன். அப்போதும் ஒரு விரல் இடைவெளி. வீதி முழுக்கக் கையால் தடியைப் பிடித்துக்கொண்டு, பாரம் தாங்குகிற முகத்தோடு நடந்தேன். எத்தனையோ ஃபோன்களில் அந்த முகம் இருக்கிறது.

வீட்டில் அவன் தோள் சிவந்து வீங்கியிருந்தது. அம்மா "ஐயோ என்ரை பிள்ளை" என்று எண்ணெய் காய்ச்சிப் பூசினா.

"மாமி, மச்சானுக்கும் பூசுங்கோ. அவனும் என்னோடைதான் காவினவன்," என்றான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். அந்த நல்ல மனதிலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அம்மா என் தோளைத் திருப்பிப் பார்த்தா. "உனக்கு ஒண்டையும் காணேல்லையே. நோகுதோ?"

"ஓம்," என்றேன்.